அந்த ஆண் எங்கே?

அதிகாலையில் ஆலயத்தில் அமர்ந்து மக்களுக்குப் போதித்துக்கொண்டிருந்த இயேசுவின் முன்னால் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். விபசாரத்திலே கையும் மெய்யுமாகப் பிடிபட்டவள் என்றார்கள். இப்படிப்பட்டவளைக் கல்லால் எறிந்து கொல்லவேண்டுமென்று மோயீசன் கட்டளையிட்டிருக்கிறார், நீர் என்ன சொல்கிறீர் என்று கேட்டார்கள். அருளப்பர் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் வரும் இந்த நிகழ்ச்சியை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் இருக்கமாட்டாது. தவக்காலந்தோறும் கேட்கிறோம். கேட்டுக் கேட்டுப் பழகிப்போனதாலோ என்னவோ, ஒரு சிறு பிள்ளைகூடக் கேட்கக்கூடிய கேள்வியை நாம் கேட்க மறந்துவிடுகிறோம். விபசாரம் ஒருவர் தனியே செய்யும் பாவமன்று. கையும் மெய்யுமாகப் பிடித்தவர்கள் இருவரையல்லவா பிடித்திருக்கவேண்டும்? அந்த ஆண் எங்கே?

மோயீசனின் சட்டத்தைத் திறந்து பார்ப்போம். லேவியராகமம் 20-ம் அதிகாரம் 10-ம் வசனம், பிறன் மனைவியோடு விபசாரம் செய்தவனும் அவளும் ஆகிய இருவருமே சாகவேண்டும் என்கிறது. உபாகமம் 22-ம் அதிகாரம் 22-ம் வசனமும் அப்படியே. அதுவும் ஆணைத்தான் முதலிற் குறிப்பிடுகிறது. அப்படியிருக்க, வேதபாரகரும் பரிசேயரும் சட்டம் சொல்லும் இருவரில் ஒருவரை மட்டும் இழுத்துவந்தார்கள். அவர்கள் சட்டம் தெரியாத பாமரரல்லர். இரவும் பகலும் அதையே ஓதியவர்கள். இயேசுவைச் சிக்கவைக்க ஒரு பொறி தேவைப்பட்டது. பொறிக்கு இரையாக அந்தப் பெண் போதும் என்று எண்ணினார்கள். ஒரு வசனத்தின் பாதி வாசிக்கப்பட்டது, மறு பாதி தப்பி ஓடிவிட்டது.

நம் ஆண்டவர் செய்தது என்ன? சட்டத்தைத் தள்ளிவைத்தாரென்று சிலர் பிரசங்கிப்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் வாசித்ததற்கும் அதிகமாகச் சட்டத்தை வாசித்தார் என்றே சொல்வேன். ஒருவனைக் கொல்லவேண்டுமானால் இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் வேண்டும், முதற் கல்லைச் சாட்சிகளே எறியவேண்டும் என்று உபாகமம் 17-ம் அதிகாரம் விதிக்கிறது. பொய்ச்சாட்சி சொன்னவனுக்கு அவன் பிறனுக்கு நினைத்த தண்டனையே திரும்பும் என்று 19-ம் அதிகாரம் எச்சரிக்கிறது. முதற் கல்லை எறிபவன் யார் என்று இயேசு கேட்டபோது, அந்த விதிகள் முழுவதும் அவர்களுடைய நினைவுக்கு வந்திருக்கும். வயதில் மூத்தவர்கள்தாம் முதலில் நழுவினார்கள் என்று அருளப்பர் குறிப்பிடுவதும் கவனிக்கத்தக்கது.

வேதத்தைக் காட்டிப் பிறருடைய ஒழுக்கத்துக்குக் காவலிருக்க முற்படுகிறவர்கள் பெரும்பாலும் அதைப் பாதியாகவே வாசிக்கிறார்கள். எந்தப் பாதி வாசிக்கப்படுகிறது, எந்தப் பாதி விடப்படுகிறது என்பது தற்செயலாக நடப்பதன்று. இது நம் காலத்து வியாதியுமன்று. இந்தப் பகுதியின் சரித்திரமே அதற்குச் சான்று பகர்கிறது.

நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் கைப்பிரதியிலும் சீனாய்க் கைப்பிரதியிலும் விபசாரப் பெண்ணின் நிகழ்ச்சி காணப்படுவதில்லை. வேறு சில பிரதிகளில் அது லூக்காஸ் நற்செய்தியின் 21-ம் அதிகாரத்து முடிவிலே இருக்கிறது. இருக்க இடமில்லாத பிள்ளைபோல அலைந்து திரிந்த பகுதி இது. வாய்வழி மரபாக வந்து பின்னர் அருளப்பர் நற்செய்தியிற் சேர்ந்திருக்கவேண்டும் என்பது இன்றைய அறிஞரிற் பெரும்பாலோரின் கருத்து. திரெந்துப் பொதுச்சங்கம் 1546-ம் ஆண்டு, வுல்காத்தா என்னும் இலத்தீன் வேதாகமத்து நூல்களை அவற்றின் எல்லாப் பகுதிகளோடும் ஏற்றுக்கொண்டபடியால், நமக்கு இது இறைவாக்கே.

ஆனால் 420-ம் ஆண்டளவில் புனித அகுஸ்தீனார் விபசாரத்தைப் பற்றி எழுதிய ஒரு நூலில் ஒரு செய்தி சொல்கிறார். விசுவாசம் குறைந்த சில ஆண்கள், தங்கள் மனைவியருக்குப் பாவஞ்செய்யத் துணிவு வந்துவிடுமென்று அஞ்சி, இந்தப் பகுதியைத் தங்கள் பிரதிகளிலிருந்து நீக்கிவிட்டார்களாம். பழைய பிரதிகளில் இது இல்லாததற்கு அதுதான் காரணம் என்பதை இன்றைய அறிஞர் ஏற்பதில்லை. அது ஒருபுறமிருக்கட்டும். தம் காலத்துக் கணவன்மாரின் மனத்தை அகுஸ்தீனார் நன்றாக அறிந்திருந்தார். ஆண்டவரின் இரக்கத்தைக் கேட்டால் மனைவி கெட்டுப்போவாள் என்று அஞ்சியவர்கள், அதே ஆண்டவர் தங்களை நோக்கியும் பேசுகிறார் என்று அஞ்சவில்லை. அதே நூலில் அவர்களைப் பார்த்து அகுஸ்தீனார், மனைவிக்குத் தலைவன் என்று பெருமை பேசுகிறவன் கற்பிலும் அவளுக்கு முன்னே நடக்கவேண்டாமா என்று வாதாடுகிறார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 399-ல், புனித எரோணிமுசார் எழுதிய கடிதமொன்றும் இதையே சொல்கிறது: உரோமைப் பேரரசின் சட்டம் வேறு, கிறிஸ்துவின் சட்டம் வேறு, பெண்ணுக்கு ஆகாதது நம்மிடையே ஆணுக்கும் ஆகாது.

அந்த அகுஸ்தீனாரோடு மனந்திரும்புமுன் பல ஆண்டுகள் வாழ்ந்து ஆண்பிள்ளையொன்றைப் பெற்ற பெண், வேறிடத்தில் அவருக்குக் கலியாணம் பேசப்பட்டபோது ஆபிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். தம் மனம் கிழிந்து குருதி வடிந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அவளுடைய பெயரை மட்டும் எழுதவில்லை. பெரிய புனிதர்களின் சரித்திரத்திலும் இப்படி ஓரிடம் உண்டு.

மரிய மதலேனாளுக்கு நேர்ந்தது இதனினும் விசித்திரமானது. நான்கு நற்செய்திகளில் எதிலும் அவள் ஒழுக்கங்கெட்டவள் என்று ஒரு சொல்லும் இல்லை. ஏழு பேய்கள் அவளைவிட்டு நீங்கின என்று லூக்காஸ் சொல்கிறார். நற்செய்திகளின் வழக்கப்படி அது நோயையும் துன்பத்தையுமே குறிக்கும். தன் பொருளைக்கொண்டு இயேசுவுக்கும் சீடருக்கும் உதவினாள், சிலுவையடியில் நின்றாள், உயிர்த்த ஆண்டவரை முதன்முதலாகக் கண்டு சீடருக்கு அறிவித்தாள். ஆனால் 591-ம் ஆண்டு, பாப்பரசர் பெரிய கிரகோரியார் உரோமையில் ஆற்றிய மறையுரையொன்றில், லூக்காஸ் 7-ம் அதிகாரத்தில் கண்ணீரால் இயேசுவின் பாதங்களைக் கழுவிய பெயரில்லாப் பாவியும், பெத்தானியா ஊர் மரியாளும், மதலேனாளும் ஒருத்தியே என்று கூறிவிட்டார். ஏழு பேய்கள் ஏழு தீயகுணங்களாயின. கீழைத் திருச்சபைகள் இதை ஏற்கவில்லை. மேலைத் திருச்சபையில் இது பதினான்கு நூற்றாண்டுகள் நிலைத்தது. சித்திரக்காரருக்கும் பிரசங்கிகளுக்கும் சாட்சியான மதலேனாளைவிட விரித்த கூந்தலோடு அழும் மதலேனாளே பிடித்தமானவளாக இருந்தாள். 1969-ல் திருவழிபாட்டு நாட்காட்டி திருத்தப்பட்டபோதுதான் அவளுடைய நாளுக்கு உயிர்ப்புச் சாட்சியின் நற்செய்தி வந்தது. 2016-ல் மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் ஜூலை 22-ந் திகதியை அப்போஸ்தலரின் நாட்களுக்கு ஒப்பான விழாவாக உயர்த்தினார்.

பெயரில் ஏற்பட்ட குழப்பந்தானே, அதனால் யாருக்கு நட்டம் என்று கேட்கலாம். அந்தப் பெயரைச் சுமந்த வீடுகளுக்குள்ளே போய்ப் பார்ப்போம்.

அயர்லாந்து நமக்கு அந்நியமான நாடன்று. யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்று தாங்கியிருப்பது அந்நாட்டுப் பாதுகாவலரான புனித பத்திரிசியாரின் பெயரை. அயர்லாந்துக் குருக்களிடம் படித்த தலைமுறைகள் நம் குடும்பங்களில் உண்டு. செபமாலையும் தியாகமும் நிறைந்த அந்த நாட்டிலே மதலேன் சலவைச்சாலைகள் என்று சில நிலையங்கள் இருந்தன. இவ்வகை இல்லங்களைத் தொடக்கியவர்கள் கத்தோலிக்கர் மாத்திரமல்லர். 1758-ல் லண்டனிலும் 1767-ல் டப்ளினிலும் புரட்டஸ்தாந்தரே ஆரம்பித்தார்கள். வீதியில் விடப்பட்ட பெண்களுக்கு ஓர் ஒதுங்கிடம் கொடுப்பது நோக்கமாயிருந்தது. நல்ல நோக்கந்தான். 1922-ல் சுதந்திர அயர்லாந்து பிறந்தபின், அங்கே இயங்கியவை நான்கு கன்னியர் சபைகள் நடத்திய பத்து சலவைச்சாலைகள். அரசாங்கம் நியமித்த விசாரணைக் குழுவின் அறிக்கை 2013-ல் வெளிவந்தது. 1922-க்கும், கடைசிச் சலவைச்சாலை மூடப்பட்ட 1996-க்கும் இடையில் ஏறக்குறைய 10,000 பெண்கள் இவற்றினுள்ளே போனதாக அது கணக்கிட்டது.

யார் இந்தப் பெண்கள்? ஊர் நினைத்ததுபோல விலைமாதர் அல்லர். கலியாணமாகாமல் தாயானவர்கள் சிலர். அநாதைப் பிள்ளைகள், கைத்தொழிற் பாடசாலைகளிலிருந்து அனுப்பப்பட்டவர்கள், வீட்டிலே வன்முறைக்கு ஆளானவர்கள், கெட்டுப்போய்விடுவாள் என்ற பயத்தில் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் சிலர். கால்வாசிக்கும் மேற்பட்டோரை அனுப்பியதில் அரசாங்கத்துக்குப் பங்கிருந்தது. மற்றவர்களிற் பலரைக் குடும்பத்தாரே கொண்டுவந்தார்கள். உள்ளே போனவர்கள் சம்பளமில்லாமல் ஊராருடைய அழுக்குத் துணிகளைத் துவைத்தார்கள். பலருக்குச் சொந்தப் பெயர் எடுக்கப்பட்டு வேறு பெயர் இடப்பட்டது. சிலர் சில மாதங்களில் வெளியேறினர். சிலர் அங்கேயே கிழவிகளாகி இறந்தனர். 1993-ல் டப்ளினில் மடத்து நிலமொன்று விற்கப்பட்டபோது அங்கே அடக்கஞ் செய்யப்பட்டிருந்த 155 பேரின் உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. அவர்களிற் பலருக்கு மரணச் சான்றிதழ்கூட இருக்கவில்லை. 2013 பெப்ரவரியில் அயர்லாந்தின் பிரதமர் பாராளுமன்றத்தில் எழுந்து அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

கலியாணமாகாத தாய்மாரையும் அவர்களின் குழந்தைகளையும் வைத்திருந்த வேறு இல்லங்களைப் பற்றிய அறிக்கை 2021-ல் வந்தது. ஏறக்குறைய 56,000 தாய்மார். ஏறக்குறைய 9,000 குழந்தைகள் அந்த இல்லங்களிலே இறந்துபோயின. அந்தத் தாய்மாருக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிள்ளைகளின் தகப்பன்மாரும் பெண்களின் சொந்தக் குடும்பத்தாருமே முதற் பொறுப்பாளிகள், அரசும் திருச்சபைகளும் அதற்கு உடந்தையாயிருந்தன என்று விசாரணைக் குழு எழுதியது. பழியைக் குடும்பங்கள்மேற் போட்டு நிறுவனங்களைத் தப்பவிடுகிறார்கள் என்று உயிரோடிருக்கும் பெண்கள் கோபித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயமுண்டு. எந்தப் பக்கம் நியாயமிருந்தாலும், அந்தத் தகப்பன்மாரை அடைத்துவைக்க ஒரு வீடும் அந்த நாட்டிலே கட்டப்படவில்லை. எருசலேம் ஆலய முற்றத்தில் காணாமற்போன அதே ஆண்!

அந்தக் கன்னியர்களைத் திட்டுவது சுலபம். அவர்களிற் பலர் தங்கள் வாழ்க்கையையே ஒப்புக்கொடுத்தவர்கள். நான் கவனிப்பது வேறொன்றை. அந்த வீடுகளின் நெற்றியில் எழுதப்பட்ட பெயருக்கு வேதத்தில் ஆதாரமில்லை. விபசாரம் செய்யாத ஒருத்தியை விபசாரியாக்கி, மனந்திரும்பிய விபசாரிகளுக்குப் பாதுகாவலியாக்கி, விபசாரம் செய்யாத ஆயிரக்கணக்கான பெண்களை அவளுடைய பெயரால் அடைத்துவைத்தார்கள். நற்செய்தியை ஒருமுறை முழுவதும் வாசித்திருந்தால் அந்தப் பெயரையாவது வைத்திருக்க முடியாது.

குழந்தைகளின் காரியம் இன்னும் வேதனையானது. முறைகெட்டுப் பிறந்தவன் பத்தாந் தலைமுறைவரை ஆண்டவரின் சபையிற் சேரலாகாது என்று உபாகமம் 23-ம் அதிகாரத்தில் ஒரு வசனம் உண்டு. 1917-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும், முறையான திருமணத்திற் பிறவாதவன் குருப்பட்டம் பெறத் தடையிருந்தது. அத்தடையை நீக்க வழியிருந்தபோதிலும் விதி விதியாகவே இருந்தது. 1983-ம் ஆண்டுத் தொகுப்பில் அது இல்லை. தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18-ம் அதிகாரம் சொல்லியிருந்தும், அதை நாம் வந்துசேர இத்தனை நூற்றாண்டு சென்றது. யூதாவுக்கும் அவனுடைய மருமகள் தாமாருக்கும் பிறந்த பாரேசிலிருந்து எண்ணினால் தாவீது அரசன் சரியாகப் பத்தாவது ஆள். ரூத் ஆகமத்தின் கடைசி வசனங்களில் நீங்களே எண்ணிப் பார்க்கலாம். மத்தேயு தம் நற்செய்தியின் முதற் பக்கத்திலேயே தாமாரையும் ராகாபையும் உரியாவின் மனைவியையும் ஆண்டவரின் வம்சவரிசையில் எழுதிவைத்தார். அந்தப் பட்டியலைத் திருப்பலியிலே பெயர் பெயராக வாசிக்கிறோம், கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பிறத்தியார் பிள்ளையின் பிறப்பை ஆராய்கிறோம்.

தாமாரின் கதையில் நம் ஊர்களின் சாயல் உண்டு. விதவையாயிருந்தவள் கர்ப்பமாயிருக்கிறாள் என்று கேட்டவுடன், கொண்டுவந்து எரியுங்கள் என்றான் யூதா. விசாரணையில்லை, ஆள் யாரென்ற கேள்வியில்லை. அவள் அவனுடைய முத்திரையையும் கோலையும் எடுத்துக் காட்டிய பிறகுதான் தேடப்பட்ட ஆண் நீதிபதியே என்று தெரிந்தது. தன்னிலும் அவள் நீதியுள்ளவள் என்று அவன் ஒப்புக்கொண்டது மெச்சத்தக்கதே. நம்மிடையே அந்த அளவுக்கும் போவதில்லை. பெண்பிள்ளை தவறினால் குடும்பமே தலைகுனிகிறது, அவளை வேறிடத்துக்கு அனுப்புகிறோம். ஆண்பிள்ளையானால் வெளிநாட்டுக்கு அனுப்பி, சில வருடம் கழித்துச் சீதனத்தோடு கலியாணம் பேசுகிறோம். சேலை முள்ளிற் பட்டாலும் முள் சேலையிற் பட்டாலும் சேதம் சேலைக்குத்தான் என்று பெண்ணுக்குப் புத்தி சொல்கிறோம். ஆண்பிள்ளை சேற்றைக் கண்டால் மிதிப்பான், தண்ணீரைக் கண்டால் கழுவுவான் என்று அவனுக்குச் சமாதானம் சொல்கிறோம். இவை எந்த ஆகமத்தில், எந்த அதிகாரத்தில் இருக்கின்றன? வேதம் என்று நினைத்து நாம் கைக்கொள்வது பல நேரங்களில் இந்தப் பழமொழிகளையே. வேத வசனங்களை அவற்றுக்கு ஒத்தாசையாகப் பொறுக்கி எடுக்கிறோம்.

மலைப்பிரசங்கத்தைப் பாருங்கள். ஒரு பெண்ணை இச்சையோடு நோக்குகிறவன் உள்ளத்தில் ஏற்கெனவே விபசாரம் செய்தான் என்று ஆண்டவர் சொன்னபோது, பரிகாரமாக அவன் தன் கண்ணைப் பிடுங்கியெறிவதைப் பற்றித்தான் பேசினார். அவள் எப்படி உடுக்கவேண்டும், எந்நேரம் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில் மனைவியர் கணவருக்குப் பணிந்திருக்கச் சொல்லும் வசனம் நம் ஆண்களுக்கு மனப்பாடம். அதற்கு முந்தின வசனம், எல்லாரும் ஒருவர்க்கொருவர் பணிந்திருங்கள் என்கிறது. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் மனைவியரைப் பற்றிய வசனத்துக்குத் தனியே வினைச்சொல்லே இல்லை. முந்தின வசனத்திலிருந்தே அது கடன் வாங்குகிறது. பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1988-ல் பெண்ணின் மாண்பைப் பற்றி எழுதிய திருமடலில் இந்தப் பணிவு இருபாலார்க்கும் பொதுவானது என்று விளக்கினார். அதே திருமடலில் அருளப்பரின் எட்டாம் அதிகாரத்தையும் எடுத்து, அந்தப் பெண்ணின் பாவத்துக்குப் பின்னால் ஓர் ஆண் மறைந்திருக்கிறான், அவனும் சமமான பொறுப்பாளி, ஆயினும் அவன் பாவம் கவனிக்கப்படாமற் போகிறது என்கிறார். பாப்பரசரே கேட்ட கேள்வியை நாம் கேட்பது தவறாகாது.

பாதி வாசிப்பு ஒரு பக்கத்தாரின் தனிச்சொத்தன்று. இக்காலத்தில் இந்த நிகழ்ச்சியைச் சொல்லி, இயேசு யாரையும் தீர்ப்பிடவில்லை, ஆகவே பாலுறவு அவரவர் சொந்த விருப்பம் என்று முடிப்பவர்கள் இருக்கிறார்கள். இனிப் பாவஞ்செய்யாதே என்று ஆண்டவர் அவளை அனுப்பிய கடைசி வசனத்தை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். அதுவும் வசனந்தான். பாவத்தை அவர் பாவமென்றே சொன்னார். ஆனால் எப்போது சொன்னார்? கல்லெடுத்தவர்கள் எல்லாரும் போனபிறகு, தனித்து நின்றவளிடம், தாமும் தீர்ப்பிடவில்லை என்று சொன்னதன் பின்னர். நம் பிரசங்கங்களிலும் வீடுகளிலும் அந்தக் கடைசி வசனம் முதலாவதாக வந்துவிடுகிறது, கல்லெடுத்தவர்கள் இன்னும் சூழ நிற்கும்போதே.

கண்டிப்பைத் தளர்த்தினால் இளைய தலைமுறை கெட்டுப்போகுமே என்று பெற்றோர் கவலைப்படுவது எனக்கு விளங்காததன்று. பிள்ளைகளின் கையில் எந்நேரமும் தொலைபேசி, அதிலே எல்லாக் குப்பையும். பயப்பட நியாயம் இருக்கிறது. ஆனால் அகுஸ்தீனாரின் காலத்துக் கணவன்மாரும் இதே பயத்தினாலேயே ஒரு பக்கத்தைக் கிழித்தார்கள். பெண்பிள்ளையை மட்டும் அடைத்துவைத்து ஒழுக்கத்தைக் காப்பாற்றிய சமுதாயம் ஒன்றையும் சரித்திரம் நமக்குக் காட்டவில்லை. பாவம் அங்கே குறையவில்லை. மறைக்கப்பட்டது, அவ்வளவுதான்.

2023 டிசெம்பரில், டொமினிக்கன் குடியரசிலிருந்து ஆயர் ஒருவர் விடுத்த வினாவுக்கு உரோமை விசுவாசக் கோட்பாட்டுத் திணைக்களம் ஒரு பதில் அனுப்பியது. கலியாணமாகாத தாய்மார் சிலர், குருக்களுடையவும் பங்குத் தலைவர்களுடையவும் கடுமைக்குப் பயந்து நற்கருணை வாங்காமல் விலகியிருக்கிறார்கள் என்பதே விஷயம். தனியே பிள்ளை வளர்ப்பது நற்கருணைக்குத் தடையன்று, பாவசங்கீர்த்தனம் செய்து எல்லாரையும்போல அவர்கள் வரலாம் என்று பதில் வந்தது. புதிய சட்டமொன்றும் அதில் இல்லை. ஏற்கெனவே உள்ளதை எடுத்துச் சொல்ல உரோமையிலிருந்து கடிதம் வரவேண்டியிருந்தது. குழந்தையைப் பெற்றுவிட்டேன் என்பதனாலேயே அவளுடைய பாவம் ஊருக்குத் தெரிகிறது. தெரியாத பாவமுள்ளவர்கள் வரிசையிலே முன்னால் நிற்கிறார்கள்.

சூசையப்பரை நாம் நல்ல மரணத்துக்கும் தொழிலாளருக்கும் பாதுகாவலர் என்கிறோம். சட்டத்தை வாசிக்கத் தெரிந்தவர் என்று சொல்வதில்லை. தமக்கு நிச்சயிக்கப்பட்டவள் கர்ப்பமாயிருப்பதை அறிந்தபோது, உபாகமம் 22-ம் அதிகாரத்தின் கடுமையான வசனங்கள் அவர் கையில் இருந்தன. வானதூதர் கனவில் இன்னும் வரவில்லை, ஒன்றும் விளங்கவில்லை. அந்நிலையிலேயே அவளை அவமானப்படுத்தாமல் மறைவாக விலக்கிவிடத் தீர்மானித்தார். மத்தேயு இதைச் சொல்லும்போது, அவர் இரக்கமுள்ளவராயிருந்ததால் என்று காரணம் காட்டவில்லை, நீதிமானாயிருந்ததால் என்கிறார்.

தவக்காலம் ஐந்தாம் வாரத்துத் திங்கட்கிழமை, அருளப்பரின் இந்த நற்செய்தி வாசிக்கப்படும் ஆண்டுகளில், அதற்கு முன்னே தானியேல் ஆகமத்தின் 13-ம் அதிகாரத்திலுள்ள சூசன்னாவின் சரித்திரத்தைத் திருச்சபை வைத்திருக்கிறது. நம் புரட்டஸ்தாந்த சகோதரரின் வேதாகமத்தில் இந்த அதிகாரம் இல்லை, நம்முடையதில் உண்டு. இரண்டு முதியோர், இருவரும் நீதிபதிகள், குளிக்கும் பெண்ணை ஒளித்திருந்து பார்த்து, தங்களுக்கு இணங்கு, இல்லாவிட்டால் ஓர் இளைஞனோடு உன்னைக் கண்டோம் என்று சாட்சி சொல்வோம் என்று மிரட்டுகிறார்கள். அவள் மறுக்கிறாள். அவர்கள் சொன்னபடியே செய்கிறார்கள், சபையும் நம்பிவிடுகிறது. தானியேல் என்ற சிறுவன் இருவரையும் பிரித்துவைத்து, எந்த மரத்தின்கீழ் என்று கேட்டபோதுதான் குட்டு வெளிப்படுகிறது. நீளமான வாசகமாதலால், விரும்பினால் சுருக்கி வாசிக்கலாம் என்று அனுமதி இருக்கிறது, பல கோயில்களில் சுருக்கத்தையே வாசிக்கிறார்கள். அந்தச் சுருக்கம், சபை அவளுக்கு மரணதண்டனை விதிக்கும் இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. முதியோர் இருவரும் தோட்டத்தில் ஒளித்திருந்ததும், அவளை மிரட்டியதும் வரும் வசனங்கள் அதில் இல்லை. வீட்டிலே வேதாகமம் இருப்பவர்கள் அன்றிரவு குடும்ப செபத்துக்குப் பிறகு அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசிக்கலாம். ஆண்பிள்ளைகளும் இருந்து கேட்கட்டும்.